மார்மன் ஆலயச் சடங்கும் பழைய மறைஞான மரபுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்மன்கள் யார்? அவர்கள் ஆலயம் என்று சொல்வது ஞாயிற்றுக்கிழமை போகும் தேவாலயத்தைத்தானா?

இரண்டும் வேறு. 1830 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கிய சபை இது. முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018இல் அதன் தலைவர் கேட்டுக்கொண்டார். படிப்பவர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் இங்கே அதையே வைத்திருக்கிறேன்.

ஞாயிறு ஆராதனை சாதாரணக் கூடங்களில் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆலயமோ ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். உள்ளே போக, பிஷப்பிடமும் அவருக்கு மேலுள்ள ஒருவரிடமும் நேர்காணல் முடித்துக் கையொப்பமிட்ட பரிந்துரைச் சீட்டு வேண்டும். புது ஆலயம் கட்டி முடித்ததும், பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். இந்தியாவின் முதல் ஆலயம் பெங்களூருக்கென்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதற்கு மண் வெட்டினார்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

நான்கு சடங்குகள். இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் பெறும் ஞானஸ்நானம். கழுவுதலும் எண்ணெய் அபிஷேகமும். தரிப்பித்தல் எனப்படும் நீண்ட சடங்கு. கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் இணைக்கும் முத்திரித்தல்.

மறைஞான ஒப்பீடு பேசுபவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது தரிப்பித்தலைத்தான். அது ஒரு நாடகம். சிருஷ்டிப்பில் தொடங்கி, ஏதேன் தோட்டம், ஆதாம் ஏவாளின் வீழ்ச்சி, உலக வாழ்வு என்று நகரும். பார்ப்பவர்களும் பாத்திரங்கள்தான்: ஆண்கள் ஆதாமாகவும் பெண்கள் ஏவாளாகவும் தங்களைப் பாவித்துக்கொள்கிறார்கள். இடையிடையே உடன்படிக்கைகள், வெள்ளை உடைகள், ஒரு புதிய பெயர், சில சைகைகள். கடைசியில் ஒரு திரைச்சீலை. அதைக் கடந்தால் சிலஸ்டியல் அறை, அதாவது தேவசமுகத்தின் சாயல். அங்கே சடங்கு எதுவும் இல்லை. சாய்விருக்கையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், தாழ்ந்த குரலில் பேசலாம்.

முன்பு இதை ஆலயப் பணியாளர்களே நடித்தார்கள். தோட்டம், வனாந்தரம் என்று சுவரோவியம் தீட்டிய அறைகள் வழியே கூட்டம் இடம்பெயரும். 1955இல் சுவிட்சர்லாந்து ஆலயம் திறந்தபோது பல மொழிக்காரர்களுக்கு ஒரே அறையில் நடத்த வேண்டியிருந்தது. அதற்காகத் திரைப்படம் வந்தது, அதுவே பிறகு வழக்கமாயிற்று.

இதெல்லாம் ரகசியம் இல்லையா? வெளியில் எழுதலாமா?

"ரகசியமல்ல, புனிதம்" என்பது சபையார் வழக்கமாகச் சொல்லும் பதில். நடைமுறையில் இரண்டும் கலந்தது. அங்கு அணியும் உடைகளைச் சபையே 2014இல் காணொளியாக வெளியிட்டது. ரீட் ஸ்மூட் என்ற மார்மன் செனட்டராகலாமா என்று 1904 முதல் 1907 வரை அமெரிக்க செனட் நடத்திய விசாரணையில் சடங்கின் பல பகுதிகள் சாட்சியமாகவே பதிவாயின. ஆனாலும் சில சொற்களையும் சைகைகளையும் வெளியே சொல்லமாட்டோம் என்று அவர்கள் உறுதி எடுக்கிறார்கள். அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒப்பீட்டுக்கு அவை தேவையும் இல்லை. "அப்படி ஒன்று இருக்கிறது" என்பது போதும்.

ஃப்ரீமேசன்களிடமிருந்து அப்படியே எடுத்தது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஆனால் மிக வலுவான பாதி.

ஃப்ரீமேசன்கள் என்பது படிப்படியான சடங்குகளும் ரகசிய உறுதிமொழிகளும் கொண்ட ஆண்கள் சங்கம்; அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். தேதிகளைப் பாருங்கள். இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் மேசன் லாட்ஜ் தொடங்கியது 1842 மார்ச் 15. அன்றே ஜோசப் ஸ்மித் முதல் படியில் சேர்ந்தார். மறுநாளே மூன்றாம் படியான மாஸ்டர் ஆக்கப்பட்டார். ஏழு வாரம் கழித்து, மே 4 அன்று, முதல் தரிப்பித்தலை ஒன்பது ஆண்களுக்கு நடத்தினார். இடம் செங்கல்லால் கட்டிய அவருடைய கடையின் மாடி. லாட்ஜ் கூடியதும் அதே மாடியில்தான்.

அந்த மாடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆலயக் கட்டடம் அப்போது பாதிகூட எழும்பவில்லை. கீழே மளிகையும் துணியும் விற்கும் கடை. மேலே ஒரு பெரிய அறை. அதைத் தடுப்புகளால் பிரித்து, தொட்டிகளில் பச்சை மரங்களைக் கொண்டுவந்து வைத்து ஏதேன் தோட்டமாக்கினார்கள். "இது சரியாக அமையவில்லை, இருக்கும் வசதியில் இவ்வளவுதான் முடிந்தது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது உன் பொறுப்பு" என்று ஸ்மித் தன்னிடம் சொன்னதாக, அவருக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங் 1877இல், தான் இறந்துபோன அதே ஆண்டில், நினைவுகூர்ந்தார். சடங்கின் எழுத்து வடிவம் சீரானதும் அந்த ஆண்டில்தான், யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில். முழுமையாக வானத்திலிருந்து இறங்கியது என்று நினைப்பவர்களுக்கும், முழுமையாகத் திருடியது என்று நினைப்பவர்களுக்கும் இந்தப் பேச்சு சங்கடம்தான். அதில் தெரிவது, கையிலிருந்ததை வைத்து ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர்.

மேசன்களோடு ஒத்துப்போவது எது? படிப்படியாகக் கற்பித்தல், நாடகம், கைக்குலுக்கல் வகைகள், கடவுச்சொல், இடுப்பில் கட்டும் ஏப்ரன், மூலைமட்டமும் கவராயமும் போன்ற குறிகள், மீறினால் இன்னது என்ற உறுதிமொழி. இவ்வளவும் ஏழு வாரத்துக்குள் தற்செயலாக ஒத்துப்போகும் என்று நான் நம்பவில்லை. அங்கிருந்தவர்களும் மறைக்கவில்லை. 1820களிலேயே மேசனாகியிருந்த ஹீபர் கிம்பல் 1842 ஜூனில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மேசன் முறை ஆசாரியத்துவத்திலிருந்து எடுக்கப்பட்டுச் சீரழிந்தது என்று ஸ்மித் சொல்வதாகக் குறிப்பிடுகிறார்.

மீதிப் பாதி: கதை வேறு. மேசன்களின் மூன்றாம் படி, சாலொமோன் ஆலயத்தின் தலைமைக் கொத்தன் ஹீராம் அபிஃப் கொலையுண்ட கதை. மார்மன் சடங்கில் ஹீராமே கிடையாது. கழுவுதல், அபிஷேகம், வஸ்திரம் மூன்றும் பைபிளின் யாத்திராகமத்தில் ஆசாரியன் ஆரோனுக்குச் செய்யப்பட்டவை. ஓஹையோவின் கர்ட்லண்ட் ஆலயத்தில் 1836லேயே, லாட்ஜுக்கு ஆறு வருடம் முன்பே, கழுவுதலும் அபிஷேகமும் நடந்திருக்கின்றன. மேசன்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. 1843இல் ஸ்மித் தன் மனைவி எம்மாவையும் பிற பெண்களையும் இதே சடங்குக்குள் கொண்டுவந்தார். லாட்ஜ் யாருக்கும் மோட்சம் தருவதாகச் சொல்வதில்லை. ஆலயம் அதற்காகவே இருக்கிறது. அச்சு மேசன்களுடையது, மாவு பைபிளுடையது என்று சொன்னால் பெரிய தப்பிருக்காது.

மேசன் சடங்கே சாலொமோன் காலத்துச் சரக்குதானே? அப்படியானால் இரண்டும் ஒரே பழைய ஊற்றிலிருந்து வந்திருக்கலாமே?

1842இல் பலரும் அப்படித்தான் நம்பினார்கள், மேசன்கள் உட்பட. இன்று வரலாற்றாய்வாளர்கள் யாரும் அதை ஏற்பதில்லை. மேசன் மரபு பிரிட்டனின் கல்தச்சர் சங்கங்களிலிருந்து கிளைத்தது. லண்டன் கிராண்ட் லாட்ஜ் 1717இல் அமைந்தது. ஹீராம் கதை சடங்காக அச்சில் வருவது 1730இல். கிறிஸ்துவுக்கு முன் பத்தாம் நூற்றாண்டுக்கும் இதற்கும் நடுவே எந்தச் சங்கிலியும் கிடையாது. ஸ்மித் தன் காலத்து நம்பிக்கையை வைத்து யோசித்தார். அதற்காக அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாமும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

எகிப்து எங்கே வருகிறது?

மம்மிகளோடு வந்தது. 1835இல் ஊர் ஊராகக் காட்சி நடத்திக்கொண்டிருந்த மைக்கேல் சாண்ட்லர் என்பவரிடமிருந்து நான்கு மம்மிகளையும் சில பாப்பிரஸ் சுருள்களையும் ஸ்மித்தின் ஆட்கள் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். அதிலிருந்து மொழிபெயர்த்ததாக அவர் வெளியிட்டதுதான் ஆபிரகாமின் புத்தகம். அதோடு வந்த வட்டமான ஒரு படம், எகிப்தியர் பிணத்தின் தலைக்கடியில் வைக்கும் தகடு, சபைப் பத்திரிகையின் 1842 மார்ச் 15 இதழில் அச்சானது. லாட்ஜ் தொடங்கிய அதே தேதி. அந்தப் படத்தின் ஒரு பகுதிக்கு ஸ்மித் தந்த விளக்கம், இதை உலகுக்குச் சொல்லக்கூடாது, தேவனுடைய பரிசுத்த ஆலயத்தில்தான் பெற முடியும் என்கிறது. எகிப்து, ஆலயம், ரகசியம் மூன்றும் அவர் மனதில் ஒரே மாதத்தில் ஒன்றாக ஓடியிருக்கின்றன.

அந்தச் சுருள்களின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் சபைக்குத் திரும்பி வந்தன. எகிப்தியலாளர்கள் படித்தபோது அவை ஹோர் என்ற பூசாரி முதலியோரின் அடக்கச் சடங்கு ஏடுகள் என்று தெரிந்தது. ஆபிரகாம் அவற்றில் இல்லை. ஹியூ நிப்லி என்ற மார்மன் அறிஞர் 1975இல் பந்தையே திருப்பி அடித்தார். அந்த ஏடு இறந்தவன் கழுவப்பட்டு, அபிஷேகம் பெற்று, உடையுடுத்தி, வாசல்களைக் கடந்து தெய்வங்களிடம் போவதைத்தானே சொல்கிறது, அதுவே ஒரு எகிப்தியத் தரிப்பித்தல் அல்லவா என்றார்.

சாமர்த்தியமான வாதம். எகிப்தின் மரணப் புத்தகத்தில் இறந்தவன் வாயிற்காவலர்களின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே போகிறான், 42 தெய்வங்கள் முன் "நான் இதைச் செய்யவில்லை" என்று அடுக்குகிறான். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 1842இல் அமெரிக்காவில் யாரும் அந்த எழுத்தைப் படிக்கும் நிலையில் இல்லை. கையில் சுருள் இருந்தும் உள்ளடக்கம் போய்ச்சேர வழியில்லை. மேலும் எகிப்தில் அது பிணத்துக்கானது. நாவூவில் உயிரோடிருப்பவர் கால்நடையாகக் கடந்தார்.

கிரேக்கத்தின் எலூசிஸ் மறைச்சடங்கு?

ஏதென்ஸிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஊர்வலமாக நடந்து போய், டெமெட்டர் தேவதை, அவள் மகள் பெர்செபோனி ஆகியோரின் கதையை இருட்டில் அனுபவித்து, பெருங்கூடத்தில் காட்டப்படும் ஏதோ ஒன்றைக் கண்டு திரும்பும் சடங்கு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமிருந்தது. ரகசியத்தை உடைத்தால் மரணம். கி.மு. 415இல் ஒரு விருந்தில் இதைக் கேலியாக நடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, ஆல்சிபயாடீஸ் என்ற தளபதிக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள்.

சடங்கு நாடகம், மௌனம், மறுமை குறித்த நிம்மதி ஆகியவை பொது. ஆனால் அங்கே போகிறவர் பாடம் கற்கப் போகவில்லை, அனுபவிக்கப் போகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. மார்மன் ஆலயத்திலோ பாடமும் உடன்படிக்கையும்தான் முதுகெலும்பு. இன்னின்ன மாதிரி வாழ்வேன் என்று ஐந்து வாக்குறுதிகள் கொடுக்க வேண்டும். எலூசிஸ் யாரிடமும் ஒழுக்க வாக்குறுதி வாங்கியதாகத் தெரியவில்லை.

ரோமானியப் பேரரசில் இருந்த மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டையும் சிலர் இழுப்பார்கள். அதில் ஏழு படிகள் உண்டு, உறுப்பினர்கள் தங்களை வலக்கை சேர்த்தவர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வானத்து வாசலில் காவலர்கள், கடவுச்சொல் என்ற எண்ணம் யூத மறைஞானத்திலும் இருக்கிறதாமே?

எனக்கு மிகச் சுவையாகப் படும் ஒப்புமை இதுதான். 1853இல் சால்ட் லேக் ஆலயத்துக்கு மூலைக்கல் நாட்டியபோது பிரிகாம் யங் தரிப்பித்தலுக்குச் சொன்ன விளக்கம் வெளிப்படையானது, இன்றும் சபையில் மேற்கோள் காட்டப்படுவது. காவல் நிற்கும் தூதர்களைக் கடந்து பிதாவின் சமுகத்துக்குத் திரும்பி நடக்கத் தேவையான சொற்களையும் அடையாளங்களையும் பெறுவதே அது என்றார்.

இப்போது ஹெக்கலோத் என்ற யூத நூல்களைத் திறந்தால், தியானி ஏழு அரண்மனைகள் வழியே ஏறுகிறார். ஒவ்வொரு வாசலிலும் பயங்கரமான தூதர்கள். அவர்களிடம் முத்திரைகளைக் காட்ட வேண்டும். ரகசிய ஞானத்தால் மீட்பு என்று நம்பிய எகிப்திய ஞானவாதக் கிறிஸ்தவர்களின் ஜேயு நூல்களிலும் இதே கதை: முத்திரை, எண், பெயர். தென் இத்தாலியக் கல்லறைகளில் கிடைத்த, ஆர்பிக் என்ற கிரேக்க மறைஞான மரபின் பொற்தகடுகளில், பாதாளத்து நீர்நிலைக் காவலர்களிடம் "நான் பூமிக்கும் நட்சத்திர வானுக்கும் பிறந்த பிள்ளை" என்று சொல்லும்படி இறந்தவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏனோக்கின் இரண்டாம் புத்தகத்தில் மிகாவேல் தூதன் ஏனோக்கின் மண்ணுடையைக் களைந்து, எண்ணெய் பூசி, மகிமையின் உடையை அணிவிக்கிறான்.

ஸ்மித் இவற்றைப் பார்த்திருக்க முடியுமா? ஜேயு நூல்கள் அச்சேறியது 1890களில். ஏனோக்கின் இரண்டாம் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1896இல். ஸ்மித் 1844இலேயே கொல்லப்பட்டார். விசுவாசிகள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள்: படித்திராதவருக்கு எப்படித் தெரிந்தது என்று.

நியாயமான கேள்விதான். ஆனால் மூவாயிரம் வருடத்து எல்லா மதங்களின் ஏடுகளையும் விரித்துவைத்துத் தேடினால் எதற்கும் ஒரு இணை கிடைக்கும். இந்தத் தேடல் மோகத்துக்கு சாமுவேல் சாண்ட்மெல் என்ற யூத அறிஞர் 1962இல் பேரலலோமேனியா என்று பெயரே வைத்தார். தவிர, அந்த நூல்களின் வேர் ஸ்மித் கரைத்துக் குடித்த பைபிளிலேயே இருக்கிறது. ஏதேன் வாசலில் சுடரொளிப் பட்டயத்தோடு கேருபீன்கள், ஆசாரியனின் உடை, மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரைச்சீலை, வெளிப்படுத்தின விசேஷத்தில் வெண்மையான குறிக்கல்லில் எழுதிய புதிய நாமம். ஒரே நூலை உட்கார்ந்து தியானித்த இருவர் ஒரே இடத்துக்கு வந்துசேர்வது அதிசயமில்லை.

யூத மறைஞான மரபான கபாலா ஸ்மித்துக்கு நேரடியாகவே தெரிந்திருந்தது என்கிறார்களே?

அலெக்சாண்டர் நைபார் என்ற யூதர், தொழிலில் பல் மருத்துவர், இங்கிலாந்தில் மதம் மாறி 1841இல் நாவூ வந்தார். ஸ்மித்துக்கு ஜெர்மனும் எபிரேயமும் சொல்லிக்கொடுத்தார். 1843 ஜூனில் சபைப் பத்திரிகையில் கபாலாவின் முதன்மை நூலான சோஹாரை மேற்கோள் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். இதை வைத்து லேன்ஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் 1994இல் ஒரு பெரிய வாதத்தைக் கட்டினார். அந்த மேற்கோள்கள் ஒரு பிற்கால எபிரேயத் தொகுப்பு நூலிலிருந்தே வந்தவை, நைபாரிடம் சோஹார் இருந்ததற்குச் சான்றில்லை என்று மறுத்தார் மார்மன் அறிஞர் வில்லியம் ஹாம்ப்ளின்.

எனக்குப் படுவது: 1844 ஏப்ரலில் தேவர்களின் ஆலோசனைச் சபை பற்றி ஸ்மித் ஆற்றிய பிரசங்கத்தில் கபாலா வாடை இருக்கலாம். சடங்கில் தேடுவது வீண். கட்டுரை வந்தது 1843இல், தரிப்பித்தல் தொடங்கியது 1842இல்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் இப்படிச் செய்தார்களா?

கழுவுதல், எண்ணெய், வெள்ளாடை, ரகசியம் நான்கும் இருந்தன. நான்காம் நூற்றாண்டு எருசலேம் பேராயர் சிரிலின் பெயரில் உள்ள உரைகளில், ஞானஸ்நானம் பெறுபவர் மேற்கு நோக்கிச் சாத்தானை மறுக்கிறார், உடை களைகிறார், உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் பூசப்படுகிறார். பிறகு நெற்றி, காது, நாசி, மார்பு என்று தைலம். இதன் பொருளைச் சடங்கு முடிந்த பிறகே விளக்குவார்கள்; வெளியாருக்குச் சொல்லக்கூடாது.

மார்மன் கழுவுதலுக்கும் அபிஷேகத்துக்கும் இதைவிட நெருங்கிய பழைய இணை இல்லை. ஆனால் சிரிலுக்கு அது சபையில் நுழையும் வாசல், எல்லாக் கிறிஸ்தவருக்கும் பொது. ஸ்மித்துக்கு அது ஞானஸ்நானத்துக்கு மேல் இன்னொரு மாடி.

நம் ஊர் தீட்சையும் இப்படித்தானே?

வைணவ பஞ்ச சம்ஸ்காரத்தில் தோளில் சங்கு சக்கரப் பொறி, நெற்றியில் திருமண், தாஸ்ய நாமம், காதில் மந்திரம், ஆராதனை உரிமை. குறி, புதுப்பெயர், வெளியே சொல்லாத சொல் என்று மூன்று பொருந்திவிட்டன. இலினாய்க்கும் ஸ்ரீரங்கத்துக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லப்போவதில்லை. பொருத்தம் மட்டும் வம்சாவளியைக் காட்டாது என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் வேறெங்கும் இல்லாதது என்று எதையாவது சொல்ல முடியுமா?

முடியும், அதுவும் இந்த ஒப்பீடுகளில் ஓரமாகத் தள்ளப்படும் விஷயம். ஹெக்கலோத் தியானி தனியாக ஏறுகிறார். பொற்தகட்டைப் பிடித்துக்கொண்டு இறந்தவர் தனியாகப் போகிறார். மார்மன் ஆலயத்தில் ஒருவர் குடும்பத்தோடு போகிறார். போதாததற்கு இறந்துபோன முப்பாட்டன்களையும் இழுத்துக்கொண்டு போகிறார்.

ஒருவர் தனக்காகத் தரிப்பித்தல் பெறுவது ஒருமுறைதான். பிறகு எத்தனை முறை போனாலும் இறந்த ஒருவரின் பெயர் எழுதிய சிறு சீட்டோடு, அவருக்குப் பதிலாகப் போகிறார். அந்தச் சீட்டு தேவாலயப் பதிவேட்டிலும் மக்கள்தொகைக் கணக்கிலும் தேடிக் கண்டுபிடித்த பெயர். உலகின் மிகப் பெரிய வம்சாவளி ஆவணக் கிடங்குகளில் ஒன்று சால்ட் லேக் நகரில் இருப்பதற்குக் காரணம் இந்தச் சடங்கு. இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவோரைப் பவுல் கொரிந்தியருக்கு ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். அந்த வரியிலிருந்து இவ்வளவு பெரிய ஏற்பாட்டை எழுப்பியவர்கள் வேறு யாருமில்லை. ஞானவாதிகளின் பிலிப்பு சுவிசேஷத்தில் மணவறை என்ற சடங்கு வருகிறது, அதை நித்திய விவாகத்தோடு ஒப்பிடுவார்கள். அது உண்மையான சடங்கா உருவகமா என்பதிலேயே அறிஞர்களுக்கு ஒத்த கருத்தில்லை. அங்கே பிள்ளைகளும் இல்லை, தாத்தாக்களும் இல்லை.

புராதனச் சடங்கு என்கிறார்கள், அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்களே?

செய்கிறார்கள். உறுதிமொழியை மீறினால் நேரும் தண்டனையைச் சைகையால் காட்டும் பகுதியை 1990இல் எடுத்துவிட்டார்கள். மேசன் சாயல் மிக அப்பட்டமாகத் தெரிந்த இடம் அது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து மேசன்கள் அதற்கு நான்கு வருடம் முன்பே தங்கள் உறுதிமொழியிலிருந்து அதை நீக்கிவிட்டிருந்தார்கள். 2019இல் பெண்களின் பங்கும் சொற்களும் கணிசமாக மாறின. சாரம் பழையது, வெளிப்பாடு மாறலாம் என்பது சபையின் நிலை. பிரிகாம் யங்கிடம் ஸ்மித் சொன்னதாக மேலே கண்ட பேச்சை வைத்துப் பார்த்தால், மாற்றம் முதல் நாளிலிருந்தே உள்ளதுதான்.

மார்மன் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா?

கேட்கலாம், எங்கே தொடங்குவது என்பதில்தான் விஷயம். கைச்சைகையைக் காட்டச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தரிப்பித்தல் பெற்றவர்கள் அணியும் புனித உள்ளாடையைப் பற்றிக் கிண்டல் வேண்டவே வேண்டாம். மேசன் தொடர்பைச் சபையின் வரலாற்றுப் பக்கங்களே இப்போது வெளிப்படையாகப் பேசுகின்றன, அதனால் அதைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. ஆலயத்தில் யாருடைய பெயருக்காகக் கடைசியாகப் போனீர்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.